பங்கு இரண்டு, பங்கு மூன்று

அவருடைய தலையணை உறையைப் பதினோரு வாரம் நான் துவைக்கவில்லை. பன்னிரண்டாம் வாரம் அதைக் கத்தரித்து எரித்தேன்.

அந்தப் பதினோரு வாரமும் ஓர் இடத்தில் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. நின்றபடியே சாப்பிட்டேன். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையில் ஒருமுறையும் மாலையில் இரண்டுமுறையும் தலைக்குக் குளித்தேன். துணைக்கு வந்து தங்கியிருந்த நாத்தனார், "அண்ணி, நீங்க நடக்குறதைப் பாத்து எனக்குக் கால் வலிக்குது," என்றாள். அவருக்கு ஒரே தங்கை. அண்ணன் போன துக்கத்தையும் வைத்துக்கொண்டு என்னையும் மேய்த்துக்கொண்டிருந்தாள்.

என்னை உட்கார விடாத கேள்வி ஒன்றே ஒன்றுதான். அவரைக் கொன்றது என் தலைமுடியா?

நானும் அவரும் ஒரே ஆலையில் வேலை பார்த்தவர்கள். எண்ணெய் சுத்திகரிக்கும் இடங்களில் பல வருடம் உழைத்து ஓய்ந்த வினையூக்கி மணிகள் எங்களுக்கு டிரம் டிரம்மாக வரும். பார்க்க மிளகு மாதிரி இருக்கும். ஒரு டன் மணியில் இரண்டு மூன்று கிலோ பிளாட்டினம் ஒளிந்திருக்கும். மணியைச் சுட்டு, அரைத்து, அமிலத்தில் கரைத்து, அதை மஞ்சள் உப்பாகப் படியவைத்து, கடைசியில் உலோகமாக எடுப்போம். அங்கே குப்பை என்று ஒன்று கிடையாது. கிழிந்த கையுறை, தரை துடைத்த துணி, தேய்ந்துபோன துடைப்பம் எல்லாவற்றையும் எரித்து, சாம்பலை மறுபடி அமிலத்தில் போடுவோம். உலையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன், ஓய்வு பெறும் ஆட்களையும் எரித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பார். எல்லோரும் சிரிப்போம்.

அவருக்கு மாதிரி எடுக்கும் வேலை. வந்த சரக்கு முழுவதுக்கும் சாட்சி சொல்லும்படி ஒரு கைப்பிடிப் பொடியை எடுக்க வேண்டும். அதைக் கலந்து, மூன்றாகப் பங்கிட்டு, மூன்று உறையில் போடுவார். பங்கு ஒன்று சோதனைக்குப் போகும். பங்கு இரண்டு சரக்குக் கொடுத்தவருக்கு. பங்கு மூன்றை ஒட்டி அலமாரியில் பூட்டுவார். தகராறு வந்தால் மட்டும் அது வெளியூரில் இருக்கும் நடுவர் ஆய்வகத்துக்குப் போகும். ஒவ்வோர் உறையிலும் பங்கின் எண், தேதி, ஒட்டிய மடிப்பின் மேல் குறுக்காக ஒரு கையெழுத்து. இந்தப் பழக்கம் அவருடைய ரத்தத்தில் ஊறிவிட்டது. இரண்டே பேர் இருக்கும் வீட்டில் கேக்கை மூன்றாக வெட்டுவார். "ஒண்ணு இருக்கட்டும், தகராறு வந்தா ஆகும்" என்று ஃபிரிட்ஜில் வைப்பார். ஆலையில் அவருக்கு 'மூணு பங்கு' என்றுதான் பெயர்.

நான் ஆய்வகத்தில். அவர் கொண்டுவரும் பொடியில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று சொல்வது என் வேலை. எங்கள் முதல் பேச்சே சண்டை. பொடி சரியாக அரைபடவில்லை என்று அவருடைய உறையைத் திருப்பி அனுப்பினேன். நேரே வந்து நின்று, "பிளாங்க் ஓட்டினீங்களா மேடம்?" என்றார். பிளாங்க் என்றால், எதுவுமே வைக்காமல் வெறும் தட்டை அதே உலையில் வைத்து, அதே அமிலத்தை ஊற்றி, கருவி என்ன காட்டுகிறது என்று முதலில் பார்ப்பது. தட்டிலும் அமிலத்திலும் ஏற்கெனவே இருப்பதைச் சரக்கின் தலையில் கட்டிவிடக்கூடாது இல்லையா? ஓட்டிய தாளை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். கல்யாணத்துக்குப் பிறகும் என்னை மேடம் என்றே கூப்பிட்டார்.

பிறகு அவரை மஞ்சள் உப்பு அறைக்கு மாற்றினார்கள். அந்த உப்பைச் சில உடம்புகள் ஏற்பதில்லை. நான்காம் வருடம் தும்மலில் ஆரம்பித்தது. கண்ணில் நீர் வந்தது, அப்புறம் நெஞ்சில் விசில். ஆலை மருத்துவர் ஒரு சொட்டுக் கரைசலைக் கையில் குத்திப் பார்த்தார். அந்த இடம் கொட்டைப்பாக்கு அளவுக்கு வீங்கியது. உடம்பு ஒருமுறை அதை அடையாளம் கண்டுகொண்டால், பிறகு கண்ணுக்குத் தெரியாத துகள் போதுமாம். இனி இந்த வாசலையே மிதிக்கக்கூடாது என்றார்.

பஸ் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. நாங்கள் வீடு மாறினோம். பழைய துணி, மெத்தை, தலையணை, சீப்பு வரை எதையும் கொண்டுவரவில்லை. எல்லாம் புதிது. ஆறு மாதத்தில் விசில் நின்றது. நான் மட்டும் ஆய்வகத்தில் தொடர்ந்தேன். உப்பு அறைக்காரர்கள் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வெளியே வரவேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு அது இல்லை. மேல்கோட்டைக் கழற்றி மாட்டினால் போதும். எனக்கு அப்போது இடுப்பு வரை முடி. தொப்பிக்குள் முக்கால்வாசிதான் அடங்கும்.

இரண்டு வருடம் கழித்து விசில் திரும்ப வந்தது. தூசி என்றார் ஒரு மருத்துவர். பனிக்காலம் என்றார் இன்னொருவர். நடுவில் என் அக்கா மகளின் பிரசவத்துக்குப் பதினைந்து நாள் போயிருந்தேன். திரும்பி வந்ததும் வாசலிலேயே, "நீ ஊருக்குப் போனாதான் மேடம் நான் நிம்மதியா மூச்சு விடுறேன்" என்றார். எந்தப் புருஷன்தான் இதைச் சொல்லவில்லை? பையை அவர்மேல் எறிந்தேன். இருவரும் சிரித்தோம். இரண்டு நாளில் நெஞ்சு மறுபடி கத்த ஆரம்பித்தது.

அதற்கப்புறம் கொஞ்சம் குறைந்தது, கூடியது, குறைந்தது. மூன்றாம் வருடம் ஒரு சாதாரண சளிக்காய்ச்சலில் மருத்துவமனைக்குப் போனவர் வீட்டுக்கு வரவில்லை.

பன்னிரண்டாம் வாரம் ஒரு காலை, நாத்தனார் அவருடைய படுக்கையைப் பிரித்து உறைகளை வாளியில் போடப்போனாள். பிடுங்கிக்கொண்டேன். "அழுக்கு அண்ணி, இன்னும் எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டாள். அந்த அழுக்கில்தான் எனக்கு வேலை இருந்தது. அந்தத் தலையணை அவர் ஆலையை விட்ட பிறகு வாங்கியது. அதில் பிளாட்டினம் இருந்தால், அது என் மூலமாக வந்ததைத் தவிர வேறு வழியில்லை. கேள்விக்குப் பதில் என் கையில் துணியாக இருந்தது. அதை எரித்தால்தான் பதில் வரும். எரித்தால் அவருடைய வாசனை போய்விடும். மூன்று நாள் அதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

ஆலைக்கு வார விடுமுறை அன்று உலை அண்ணன் மட்டும் இருப்பார். உறையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, கலந்து, மூன்றாகப் பங்கிட்டேன். அவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கை தானாகச் செய்தது. பங்கு இரண்டையும் மூன்றையும் காகித உறையில் போட்டு ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறே தங்கச்சி?"

"தெரியாம என்னால உட்கார முடியல அண்ணே."

பங்கு ஒன்று இருந்த தட்டை அண்ணன் வாங்கி உலைக்குள் வைத்தார். கதவை மூடும் முன் நான் குனிந்து முகர்ந்தேன். அதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாம்பல் ஒரு சிட்டிகைகூட இல்லை. கரைத்தேன், கருவியில் விட்டேன். பிளாட்டினம் இருந்தது. சிறிய எண்தான், ஆனால் பூஜ்யம் இல்லை. அந்த எண்ணை நோட்டில் எழுதினேன். ஆம், நான்தான் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அதிலும் ஒரு நிம்மதி இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

தட்டைக் கழுவும்போதுதான் உறைத்தது. நான் பிளாங்க் ஓட்டவில்லை.

எத்தனை பேரை இதற்காகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! புதிதாக வரும் பெண்களிடம் முதல் நாள் நான் சொல்லும் முதல் விஷயமே அதுதான். அடுத்த விடுமுறை வரை ஏழு நாள் எப்படிப் போனது என்று தெரியவில்லை. பிரிக்காத ஒரு புதுத் தலையணை உறையைக் கடையில் வாங்கிக்கொண்டு போய் அதே எடைக்கு வெட்டி அதே உலையில் எரித்தேன். கருவி கிட்டத்தட்ட அதே எண்ணைக் காட்டியது. பார்க்கப்போனால் ஒரு துளி கூடுதல்.

"இந்த உலைல காத்தை எரிச்சாலும் காட்டும்," என்றார் அண்ணன். "இருபது வருஷமா எதை எரிக்கிறோம்? நீ கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

என்னிடம் இருந்த ஒரே சாட்சியில் ஒரு பங்கை ஒன்றுமில்லாமல் ஊதிவிட்டேன். இன்னும் இரண்டு பங்கு இருந்தது. பங்கு மூன்றை நடுவர் ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்து வீட்டுக்கு வந்தேன். கடிதம் எழுத மேஜையில் உறையை வைத்தேன். நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றாள். உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். நான் கடிதத்தை நின்றுகொண்டே எழுதி முடிப்பதற்குள் நான்கு முறை வந்து போனாள். வீட்டில் நடப்பவர்கள் இப்போது இரண்டு பேர்.

ஐந்தாம் முறை வந்தபோது கை முந்தானைக்குள் இருந்தது.

"அண்ணி, ஒண்ணு சொல்லுவேன். கோச்சுக்கக்கூடாது."

"சொல்லு."

"அண்ணனோட ஸ்க்ரூ டப்பாவுக்கு அடியில இருந்துச்சு. வந்த வாரமே பாத்துட்டேன். உங்ககிட்ட காட்டவேண்டாம்னு எடுத்து வெச்சேன்." கையை வெளியே எடுத்து நீட்டினாள். "எவளோட முடியோ அண்ணி. நீளமா இருக்கு. அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லைதான், ஆனா கவர்ல போட்டு ஒட்டி, கையெழுத்தெல்லாம் போட்டு..."

இரண்டு சின்னக் காகித உறைகள். ஒன்றின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்திருந்தாள். நீள முடி, நடுவில் ஒன்றிரண்டு நரை, ஒன்றில் என் மருதாணிச் சிவப்பு மிச்சம். என் சீப்பிலிருந்து எடுத்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு முதல் சிரிப்பு. மூன்று மாதமாக எனக்கு ஒரு சக்களத்தியை இவள் தன் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்திருக்கிறாள்.

பிறகு உறையின் மேல் எழுதியிருந்ததைப் படித்தேன். ஒன்றில் பங்கு இரண்டு. மற்றதில் பங்கு மூன்று. மடிப்பின் குறுக்கே அவருடைய கையெழுத்து. தேதி, நான் பிரசவ வீட்டிலிருந்து திரும்பிய வாரம்.

"இன்னொண்ணு எங்கே?"

"ரெண்டுதான் அண்ணி இருந்துச்சு. சத்தியமா."

ஸ்க்ரூ டப்பாவைக் கவிழ்த்தேன். அவருடைய சட்டைப் பைகள், பணிமனை டைரி, பீரோ அடித்தட்டு எல்லாம் பார்த்தேன். பங்கு ஒன்று இல்லை. அது இருக்காது. பங்கு ஒன்று எப்போதும் சோதனைக்குப் போகும். அவர் எங்கள் உலையை நம்பியிருக்க மாட்டார். நடுவர் ஆய்வகத்தின் முகவரி அவருக்கு மனப்பாடம். அவர்கள் அனுப்பிய பதில் மட்டும் வீட்டில் எங்குமே இல்லை.

பீரோவில் வேறொன்று கிடைத்தது. தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டரின் உத்தரவாத அட்டை. வாங்கிய தேதி, உறையில் இருந்த தேதிக்குப் பத்தொன்பதாம் நாள்.

அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெயில் காலத்தில் போய் யாராவது ஹீட்டர் வாங்குவார்களா என்று கேட்டேன். அன்றே குளியலறைக் கதவுக்கு வெளியே ஓர் ஆணி அடித்தார், நான் வேலைக்குப் போட்டுப்போன உடையை மாட்ட. நாள் தவறாமல் நான் வரும் நேரத்துக்கு வெந்நீர் தயாராக இருக்கும். "குளிச்சிட்டு வா மேடம், தலைக்கும் சேத்து. அப்புறம்தான் பேச்சு." வயசாக வயசாக மனுஷனுக்குச் சுத்தப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அக்காவிடம் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நாத்தனாரிடம் அட்டையையும் உறைகளையும் அருகருகே வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்போ அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் உங்களை வேலையை விடச் சொல்லல?"

அவர் சம்பளம் அப்போது பாதியாகக் குறைந்திருந்தது. அதுவாக இருக்கலாம். எனக்கு அந்த ஆய்வகம் எவ்வளவு பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அதுவாகவும் இருக்கலாம். சொன்னால் நான் வேலையை விட்டுவிட்டு, வாழ்நாள் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ. என்னைக் கேட்காமல் என் முடியை எடுத்து, என்னைப் பற்றி ஒரு முடிவும் எடுத்திருக்கிறார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு. களைத்து வந்த நாட்களில் நான் தலைக்குக் குளிக்கவில்லை. மேலுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு, "தலைக்கு நாளைக்குப் பாத்துக்கலாங்க" என்று வந்து படுத்துவிடுவேன். அவர் வற்புறுத்தவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்து முதுகில் கை போட்டு இன்னும் நெருங்கிப் படுப்பேன். அப்படி எத்தனை நாள்? வாரத்துக்கு ஒன்றா, இரண்டா? கடைசி மாதம் ஆலையில் சரக்கு அதிகம், அப்போது எத்தனை?

நடுவர் ஆய்வகத்துக்கு எழுதிய கடிதத்தை அனுப்பவில்லை. அவருடைய இரண்டு உறைகளும் என்னுடைய இரண்டு உறைகளும் ஸ்க்ரூ டப்பாவுக்கு அடியில் இருக்கின்றன. அனுப்பினால் ஓர் எண் வரும். நான் கேட்பது அந்த எண்ணை இல்லை.

நாத்தனார் ஊருக்குப் போய்விட்டாள். நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். முடியைத் தோளுக்கு மேலே வெட்டிக்கொண்டேன். மாலையில் வீட்டைத் திறந்ததும் உடையை ஆணியில் மாட்டிவிட்டு ஹீட்டரைப் போடுகிறேன். தண்ணீர் சுடப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. நான் வருவதற்கு இவ்வளவு நேரம் முன்னதாகவே தினமும் அவர் இதைப் போட்டிருக்கிறார். அதுவரை எங்கும் உட்காராமல் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.