நான்காம் பகுதி, பதினாறாம் நிமிடம்

ஒதியம்பட்டுக் கதிரவனுக்குக் குற்றம் கண்டுபிடிப்பதே பிழைப்பு. தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் பாட்டில் செய்யும் ஆலையொன்றில், வெளிச்சப் பலகைக்கு முன்னால் எட்டு மணி நேரம் அமர்ந்து, வரிசையாக ஓடிவரும் பாட்டில்களில் கீறலும் குமிழும் உள்ளவற்றை எடுத்தெறிவது அவன் வேலை. வீடு திரும்பிய பின்னும் அந்தக் கண் ஓய்வதில்லை. விஞ்ஞானக் கற்பனைப் படங்களையும் தொடர்களையும் பார்த்து, அவற்றில் உள்ள பிழைகளைத் தன் யூடியூப் சேனலில் எடுத்துரைப்பதை ஆறு ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருந்தான்.

அவற்றை வெறுப்பவன் அல்லன் அவன். பள்ளிப் பருவத்தில், தமிழில் குரல் மாற்றி ஒளிபரப்பான தொடர்களில் பச்சை முகத்து வேற்றுலகத்தார் செந்தமிழ் பேசியபோது வீட்டிலிருந்த அனைவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்; அவன் மட்டும் சிரிக்கவில்லை. எங்கோ ஒருவர் அமர்ந்து அந்த உலகத்துக்குச் சட்டம் எழுதியிருக்கிறார், கதவு எப்படித் திறக்கும், காற்று எங்கிருந்து வரும், வானத்தில் எத்தனை நிலவு என்பதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார் என்னும் நினைப்பு அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தான் வாழும் உலகத்துக்கு அப்படி யோசித்து வைத்தவர் எவரையும் அவன் கண்டதில்லை. ஆகையால், காற்றே இல்லாத வெளியில் குண்டு வெடிக்கும் ஓசை கேட்டால், யாரோ தன்னை நேரில் நின்று ஏமாற்றிவிட்டதைப் போல அவனுக்குக் கோபம் வரும்.

'நீரிலி' என்னும் தமிழ்த் தொடரில் அவனுக்கு அப்படியொரு கோபம் வந்தது. நீர் வற்றிப்போன ஒரு கோளில் மக்கள் எல்லோரும் மாண்டு கிடக்கிறார்கள். பூமியிலிருந்து எழுவர் சென்று இறங்குகிறார்கள். நான்காம் பகுதியில் அவ்வெழுவரும் செம்மண் பள்ளத்தாக்கு ஒன்றைக் கடக்கும்போது, இருமருங்கும் முந்நூறு பிணங்கள். பதினாறாம் நிமிடத்தில் வலப்பக்க ஓரத்தில் கிடந்த பிணம் ஒன்றின் வயிறு ஏறி இறங்கியது. ஒரு முறை அன்று, நான்கு முறை.

கதிரவன் அந்தக் காட்சியைப் பெரிதாக்கி, வட்டமிட்டு, சிரிக்கச் சிரிக்கப் பேசி வெளியிட்டான். மூன்று இலட்சம் பேர் பார்த்தார்கள். ஆலையில் மேலாளரே அவன் தோளைத் தட்டினார். அதோடு அவன் நிற்கவில்லை. எந்தப் பகுதி, எந்த நிமிடம், எந்த மூலை என்று குறிப்பிட்டுத் தொடரை வெளியிட்ட நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சலும் எழுதினான். பத்து நாள்களுக்குள், காட்சி உரிமை தங்களுடையது என்று சொல்லி அந்நிறுவனம் அவனுடைய வீடியோவை நீக்கச் செய்துவிட்டது. அதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு துணிப்பை. வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"படத்துல தப்பு சொல்ற தம்பி வூடு இதுதானாம்மா?" என்று கதிரவனின் மனைவி அனுப்பிரியாவிடம் கேட்டாள்.

"இதான்க்கா. ஊரு உலகத்துல எல்லாத் தப்பும் கண்டுபுடிப்பாரு. தண்ணி மோட்டர ஆஃப் பண்ண மட்டும் தெரியாது" என்று சொல்லிச் சிரித்த அனுப்பிரியா, "உள்ள வாங்க. யாரு நீங்க?" என்றாள்.

"கிருமாம்பாக்கம். பேரு அமுதம். ரெண்டு பஸ்சு மாறி வர்றேன்."

கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்தாள். நாற்காலியைக் காட்டியும் ஏறவில்லை. கதிரவன் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். படத்தில் நடிக்க வாய்ப்பு வாங்கித் தரும்படி அவனிடம் கேட்டுச் சிலர் வருவதுண்டு. இவளும் மகனுக்காகவோ மகளுக்காகவோ வந்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டான்.

"தம்பி, ஒரு பொணம் மூச்சு வுடுதுன்னு காட்டினியே, அத இன்னொருக்கா பாக்கணும். பக்கத்து வூட்டுப் புள்ள போன்ல ஒரே ஒரு வாட்டி பாத்தேன். மறுநாளு கேட்டா, காணோம், எடுத்துட்டாங்கன்னுது."

"அது இன்னாத்துக்குக்கா உங்களுக்கு?"

"அது எங்க வூட்டுக்காரரு."

கதிரவன் சிரிக்க வாயெடுத்தவன், பொட்டில்லாத அவள் நெற்றியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அமுதம் தடுமாற்றமின்றிச் சொன்னாள். அவள் கணவன் பலராமன் கழனி வேலைக்குப் போகிறவன். போன ஆண்டு, வேலை இல்லாத மாதத்தில், ஆள் சேர்ப்பவன் ஒருவன் வேனில் ஏற்றிக்கொண்டு போனான். செம்மண் மேட்டில் நாளெல்லாம் பிணமாகப் படுத்திருந்துவிட்டு, உடம்பெல்லாம் சிவப்பாகத் திரும்பி வந்தான். ஏழு மாதம் கழித்து, கடலூர்ச் சாலையைச் சைக்கிளில் கடந்தபோது ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டது. என்ன வண்டி என்பது இன்றுவரை தெரியாது.

"மூஞ்சில மண்ணு பூசியிருந்தாங்களே, எப்பிடிக்கா தெரிஞ்சுது?"

"இடது காலு கட்டவெரலு இல்ல பாரு, அறுப்பு மிஷின்ல போச்சு. அதுவும் வேணாம், அந்த வயிறு ஏறி எறங்குனதே போதும். இருவத்தெட்டு வருசம் பக்கத்துல படுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?" அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்கு நெஞ்சுல சளி. மூச்சப் புடிச்சா இருமல் வந்துடும். 'அசையாம கெடங்கடான்னு கத்திக்கினே இருந்தாங்கடி. நான் மெதுவா வுட்டுக்கினு இருந்தேன், ஒரு பயலும் பாக்கல'ன்னு வந்து சொல்லிச் சிரிச்சாரு."

"வேற வீடியோ எதுவும் இல்லியாக்கா? கல்யாணத்துல, காதுகுத்துல?" என்று அனுப்பிரியா கேட்டாள்.

"போட்டோ இருக்குது. அசையிறது இது ஒண்ணுதான். எங்களுக்குப் புள்ளகுட்டி இல்ல, எவன் எடுப்பான்?"

கதிரவன் தன் மடிக்கணினியைத் திறந்தான். நீக்கப்பட்ட வீடியோவின் மூலப்பிரதியை, இடம் போதவில்லை என்று முந்தைய வாரந்தான் அழித்திருந்தான். ஆயினும் அவன் கலங்கவில்லை. தொடர்தான் இருக்கிறதே. நான்காம் பகுதியைப் போட்டு, காட்சியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், கணினியை முக்காலியில் வைத்து அவள் முகத்துக்கு நேரே திருப்பினான்.

எழுவரும் பள்ளத்தாக்கில் நடந்தார்கள். அமுதம் இருபுறமும் கிடந்தவர்களையே பார்த்தாள்.

"இவ்ளோ பேரு இன்னாத்தால செத்தாங்களாம்?"

"தண்ணி இல்லாமக்கா. அந்த உலகத்துல தண்ணி வத்திப்போச்சு."

"அவங்க ஏழு பேரும் எங்க போறாங்க?"

"ஒரு யந்திரம் இருக்குது, அதத் தேடிக்கினு."

"இத்தினி பொணத்தத் தாண்டிக்கினா?" என்றாள் அமுதம். "ஒருத்தி கூட அழுவலியே, தம்பி. ஒரு துணி எடுத்து மூடக் கூடவா நேரமில்ல?"

அந்தத் தொடரைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியவன் கதிரவன். நிழல் விழும் திசை, தலைக்கவசத்தின் கண்ணாடி, இரண்டாம் சூரியனின் நிறம் என்று பதினொரு பிழைகளை எடுத்துச் சொல்லியிருந்தான். இது அவன் பட்டியலில் இல்லை.

பதினாறாம் நிமிடம் வந்தது. "இதோ, இந்த மூலையில" என்று விரலை வைத்தான்.

செம்புழுதி காற்றில் நகர்ந்தது. பக்கத்துப் பிணத்தின் கிழிந்த கைத்துணி படபடத்தது. பலராமன் கிடந்தான், கட்டைவிரல் இல்லாத கால் தெரிந்தது. வயிறு அசையவில்லை.

கதிரவன் பின்னுக்கு இழுத்து மறுபடியும் ஓட்டினான். அசையவில்லை. மூன்றாம் முறை ஓட்டுவதற்கு முன்பே அவனுக்கு விளங்கிவிட்டது. வயிற்றை மட்டும் ஒரே படமாக உறையவைத்து, மேலே புழுதியை ஓடவிட்டிருந்தார்கள். விளிம்பு தெரியவில்லை, நிறம் மாறவில்லை. வெளிச்சப் பலகையில் வைத்துப் பார்த்தாலும் எடுத்தெறிய முடியாத வேலை.

"எங்க தம்பி?" என்றாள் அமுதம். "பொட்டி ஏதாச்சும் நின்னுபோச்சா?"

"இல்லக்கா."

"அப்ப அவரு இன்னாத்துக்கு அசையல?"

அனுப்பிரியா கணவனைப் பார்த்தாள். அவன் எழுதிய மின்னஞ்சலை அவளுக்குத்தான் முதலில் படித்துக் காட்டியிருந்தான்.

"சரி பண்ணிட்டாங்கக்கா" என்றான் கதிரவன். "தப்புன்னு நான்தான் எழுதிப் போட்டேன். எந்த எடம்னு நான்தான் சொன்னேன்."

அமுதம் அவனை ஏசவில்லை. திரையில் நின்றுபோயிருந்த காட்சியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரில துணிய வெலக்கிக் காட்டினப்ப இப்பிடித்தான் இருந்தாரு" என்றாள்.

பிறகு, "நீதான எழுதின? இன்னொருக்கா எழுதேன். அது தப்பில்ல, அவரு உசுரோட இருந்தப்ப எடுத்ததுன்னு எழுது. பழையபடி வெக்கச் சொல்லு" என்றாள்.

அவள் முன்னிலையிலேயே கதிரவன் எழுதினான். பலராமன் பெயரை எழுதினான், ஊரை எழுதினான், இறந்த நாளை அவளிடம் கேட்டு எழுதினான். முதல் மின்னஞ்சலுக்குப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. இதற்கு அரை மணிக்கு மேலாயிற்று. அனுப்பிய சிறிது நேரத்தில் கணினி மணியோசை எழுப்பியது.

"பதில் வந்துடுச்சா?" என்று அமுதம் நிமிர்ந்தாள்.

அது மனிதர் எழுதிய பதில் அன்று. தாங்கள் குறிப்பிட்ட பிழை முன்னரே திருத்தப்பட்டுவிட்டது, தொடர்ந்து எங்களுடன் இணைந்திருங்கள் என்று யந்திரம் அனுப்பியிருந்தது. கதிரவன் அதை அவளுக்கு உள்ளபடியே படித்துக் காட்டினான்.

அமுதம் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனாள். அவனால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"இருங்கக்கா. இன்னொண்ணு இருக்குது. ஆனா அது நல்லா இருக்காது."

அவனுடைய போனில் ஆலை நண்பன் ஒருவன் அனுப்பிய துணுக்கு இருந்தது. அவன் வீடியோவிலிருந்து யாரோ வெட்டியெடுத்து, குத்துப்பாட்டுச் சேர்த்து ஊரெல்லாம் சுற்றவிட்டது. கதிரவன் ஓசையை அடக்கிவிட்டுப் போனை நீட்டினான். பலராமனின் முகத்தின்மேல், கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் உருண்டை ஒன்றை ஒட்டியிருந்தார்கள். கீழே வயிறு ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது.

அமுதம் போனை வாங்கவில்லை. இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"மூஞ்சிய மறைச்சிட்டாங்கக்கா, படுபாவிங்க" என்றாள் அனுப்பிரியா.

"போவுட்டும்மா. மூஞ்சி ரேஷன் கார்டுல இருக்குது." கண்ணை எடுக்காமல், "வயித்து மேல இன்னாவோ எழுத்து ஓடுதே, அது இன்னா தம்பி? கண்ணாடி கொண்டாரல" என்று கேட்டாள்.

கதிரவன் அனுப்பிரியாவைப் பார்த்தான். அவள் உதவவில்லை.

"வாங்குன கூலிக்குச் செத்துக் காட்டக்கூடத் தெரியாத ஆளு" என்று படித்தான். சற்றுப் பொறுத்து, "நான் பேசினதுதான்கா. அத எழுதி வெச்சிருக்காங்க" என்றான்.



"ஆமா, அவருக்கு அதெல்லாம் தெரியாது" என்றாள் அமுதம். "இன்னொருக்கா போடு."

போட்டான். ஏழெட்டு முறை போட்டான். பிறகு அவள் எழுந்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"இதையாச்சும் அழிச்சிடாத, தம்பி. அமாவாசைக்கு அமாவாசை வர்றேன். வேலைக்குப் போறதா இருந்தா போனை வூட்ல குடுத்துட்டுப் போ. ஒரு வாட்டி பாத்துட்டுப் போயிடுவேன், தொந்தரவு பண்ண மாட்டேன்."

சாப்பிட்டுவிட்டுப் போகும்படி அனுப்பிரியா எவ்வளவோ சொல்லியும் அவள் கேட்கவில்லை. வில்லியனூர்ச் சாலைப் பக்கம் நடந்து போய்விட்டாள்.

அன்று பிற்பகல் முழுவதும் கதிரவன் கணினியைவிட்டு எழவில்லை. அடுத்த அமாவாசைக்குப் பதினோரு நாள்கள் இருந்தன. அதற்குள் அந்த மஞ்சள் உருண்டையை எடுத்துவிட வேண்டும், தன் வாக்கியத்தையாவது எடுத்துவிட வேண்டும் என்று அவன் முயன்றான். உருண்டையை எடுத்தால் அதனடியில் முகம் இல்லை. வெறும் கறுப்புத்தான் வந்தது. வாக்கியமோ வயிற்றின் குறுக்கே, ஏறி இறங்கும் இடத்திலேயே ஓடியது. ஒவ்வோர் எழுத்தாக அழித்துப் பார்த்தான். எழுத்துப் போன இடத்தில் கணினி தானாகவே செம்மண் நிறத்தை நிரப்பியது. அந்த இடம் அசையவில்லை.

நான்கு சொற்களை அழித்தபோது இரண்டு மூச்சுகள் குறைந்துவிட்டன. கதிரவன் அதைச் சேமிக்காமல் மூடினான்.