தூணில் பதித்த சாவி

மோகனூர் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் முக்கில், கோட்டுப் போட்ட ஒருவர் பேனரில் சிரித்துக்கொண்டிருந்தார். ஏதோ தேர்தல் போலிருக்கிறது என்று காரை நிறுத்தாமல் தாண்டிவிட்டேன். பத்தடி போன பிறகுதான் உறைத்தது. அது எங்கள் அப்பா.

அப்பா ஆயுசுக்கும் கோட்டுப் போட்டதில்லை. என் கல்யாணத்தன்று சட்டையில் மேல்பட்டனைப் போடச் சொன்னதற்கே மூச்சு முட்டுகிறது என்றவர். ஸ்டூடியோக்காரன் யாருடைய உடம்பிலோ அவர் தலையை ஒட்டவைத்திருந்தான். மேலே “இமயமே சாய்ந்தாயே!” என்ற வரி. கீழே வாய்க்கால் கமிட்டியார் பதினோரு பேரின் படம். அப்பா ஒரு முழம் என்றால், கும்பிட்டபடி நின்ற கமிட்டித் தலைவர் மாதேஸ்வரன் சித்தப்பா மூன்று முழம். செத்தது யார் என்று வெளியூர்க்காரன் குழம்பித்தான் போவான்.

அப்பா பெயர் ராசப்பன். அவர் பார்த்த வேலையைச் சொன்னால் சின்னதாகத்தான் தெரியும். காவிரியிலிருந்து வரும் பெரிய வாய்க்காலில் எங்கள் ஊருக்கென்று ஒரு கிளை பிரிகிறது. பிரிகிற இடத்தில் ஒரு இரும்பு ஷட்டர். அதைத் தூக்கவும் இறக்கவும் கை நீளத்துக்கு ஒரு சாவி. வெள்ளைக்காரன் காலத்து ஷட்டர் என்பதால் ஊருக்கு அந்த ஒரே சாவிதான். இருபத்திரண்டு பேர் காடு தோட்டத்துக்கு எட்டு நாளைக்கு ஒரு சுற்று முறைத்தண்ணீர். அந்தச் சாவியை முப்பத்தொரு வருஷம் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தார். சம்பளம் கிடையாது. மற்ற ஊர்களில் வாய்க்கால் சண்டையில் மண்டை உடைந்தது, கேஸ் நடந்தது. எங்கள் ஊரில் ஒரு மண்டைகூட உடையவில்லை. அதனாலேயே அவர் செய்தது ஒரு வேலை என்று யாருக்கும் தோன்றவில்லை.

முறை வைக்கச் சீட்டுக் குலுக்கிப் போட்டபோது அப்பாவுக்கு மூன்றாவது முறை விழுந்ததாம். மாதேஸ்வரன் சித்தப்பாவின் அப்பாவுக்குக் கடைசி முறை. அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றதைப் பார்த்து இவர் சீட்டை மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து சுற்றில் கடைசித் தண்ணீர், கழுவி ஊற்றிய மாதிரி வருகிற தண்ணீர், எங்களுக்கு.

ஊருக்கு உழைக்கிறவர் வீட்டை மறந்துவிடுவார் என்பார்கள். அப்பா அப்படி இல்லை. அம்மா டைபாய்டில் படுத்த மாதம், இரண்டாம் வகுப்புப் படித்த எனக்கு அவர்தான் சடை பின்னினார். வகிடு வரப்பு மாதிரி நேராக இருக்கும். கல்யாணமாகி நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் போன பிறகு தினமும் ஏழு மணிக்குப் போன் வரும். “சாமி, சாப்டியா?” சாப்பிட்டேன் என்றால், “செரி, வெச்சர்றேன்.” அவ்வளவுதான். இப்போதும் ஏழு மணியானால் நான் போனைப் பார்க்கிறேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. யாராவது வந்து முறை கேட்டால், அடுப்படி வாசலில் நின்று அம்மாவிடம் சொல்வார். “அம்மிணி, மாதேசன் மஞ்சளுக்கு நம்ம தண்ணியக் கேக்கறான். என்னங்கற?” அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, “குடுங்க, போங்க” என்பாள். எனக்கு அது தகவல் சொல்வதாகத்தான் பட்டது. நானும் ஊர்க்காரிதானே.

ஆடியில் ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மாதேஸ்வரன் சித்தப்பா வந்து, “அண்ணன் உட்ட பணியை நாங்க தொடர்றோம்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கிப் போனார். தொடர்ந்தார்கள். முதல் சுற்றில் எங்கள் முறை வந்தபோது மாதேஸ்வரன் சித்தப்பா தம் மஞ்சளுக்குத் திருப்பிக்கொண்டார். அடுத்த சுற்றில் கரும்புக்கார வேலுசாமி. அம்மா போய்க் கேட்டதற்கு, “அண்ணன் இருந்திருந்தா உட்டுக் குடுத்திருப்பாருங்க” என்று பதில். மூன்றாவது சுற்றில் பதில்கூட இல்லை.

இதற்கிடையில் நினைவுத் தூண் எழுப்ப முடிவானது. இடம்தான் கிடைக்கவில்லை. அப்பாவைத் தெய்வம் என்று சொன்ன இருபத்தொரு பேரில், தெய்வத்துக்கு நாலடி மண் விட ஒருவரும் இல்லை. ஒருவர் காட்டில் வாஸ்து சரியில்லை, இன்னொருவர் காடு பாகம் பிரியவில்லை. கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத வாய்க்கால் கரையில், ஷட்டருக்குப் பக்கத்திலேயே நட்டார்கள். நாற்பத்தைந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்குத் திறப்பு விழா.

அன்று பேனரைத் தாண்டி நான் வீட்டுக்குப் போனபோது அம்மா அங்கே இல்லை. வாழைக்காட்டில் நின்றிருந்தாள். அறுநூறு பூவன், அப்பா தையில் தம் கையால் ஊன்றியது. குலை தள்ளுகிற நேரம். இலைகள் ஓரம் கருகித் தொங்கிக்கொண்டிருந்தன. கிணறு இருக்கிறது, உப்புத் தண்ணீர், வாழைக்கு ஆகாது.

“அம்மா, கெளம்புலியா? பத்தரை ஆச்சு.”

“இன்னைக்கு நம்ம மொறை, மதி,” என்றாள். மதுமதி என்ற என் பெயரை அவள் முழுதாகச் சொன்னதே இல்லை. “மூணு சுத்து போயிருச்சு. இன்னைக்கும் தண்ணி பாயலீன்னா இத்தனையும் போச்சு. உங்கப்பன் ஊனுனது சாமி. ஒரு வாழைத்தாராச்சும் நான் கண்ணுல பாக்கோணும்.”

அவள் அழவில்லை. கருகிய இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டுவிட்டு என்னோடு விழாவுக்கு வந்தாள்.

விழாவுக்குப் பந்தல், மைக்செட், நூறு நாற்காலி. வருகிறவர்கள் வேட்டியில் சேறு படக் கூடாதென்று முந்தின நாளே ஷட்டரை அடியோடு இறக்கியிருந்தார்கள். காய்ந்து கிடந்த வாய்க்காலுக்குள்ளும் நாற்காலி போட்டிருந்தார்கள். தண்ணீர் விட்டவருக்குத் தண்ணீரை நிறுத்தி விழா எடுப்பது எங்கள் ஊருக்குத்தான் வரும்.

பேச ஆரம்பித்தார்கள். அப்பா தமக்கென்று எதையும் கேட்டதில்லை என்றார் ஒருவர். கேட்காமலே கொடுத்தவர் என்றார் அடுத்தவர். “கர்ணனுக்குக் கவசம், எங்க அண்ணனுக்கு மொறைத்தண்ணி!” என்றார் மாதேஸ்வரன் சித்தப்பா. மஞ்சள் நல்ல விளைச்சல் போலிருக்கிறது, குரல் கணீரென்று இருந்தது. வேலுசாமி மைக்கைப் பிடித்து அழுதே விட்டார். அழுகை உண்மைதான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்பாவை நினைத்து நிஜமாக அழுகிறவர்தான் அப்பாவின் வாழையையும் காயப்போட்டவர்.

பிறகு துணியை விலக்கினார்கள். கருங்கல் தூண், ஆள் உயரம். மேலே கோட்டுப் போட்ட அப்பா. அவருக்குக் கீழே, சிமெண்டில் பாதி புதைத்து, தங்க நிறப் பெயிண்ட் அடித்து, அந்தச் சாவி.

எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா தட்டவில்லை. எழுந்து தூணுக்குப் பக்கத்தில் போனாள். படத்தைத் தொட்டுக் கும்பிடப் போகிறாள் என்று நினைத்துப் போட்டோக்காரர் முன்னால் ஓடிவந்தார். அவள் சாவியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

“ஏனுங்க மாதேசு, இதைப் பேத்துக் குடுங்க. தண்ணி உடோணும்.”

சித்தப்பா பதறிப்போனார். “அக்கா, அது நெனவுச் சின்னமுங்க. அதைப் போயி!”

“அப்ப வேற சாவி குடுங்க.”

அவர் வேலுசாமியைப் பார்த்தார். வேலுசாமி அடுத்தவரைப் பார்த்தார். மாற்றுச் சாவி செய்யும் வேலையைக் கமிட்டியில் எல்லோருக்கும் பொதுவாக விட்டிருந்தார்கள். அப்பா போன பிறகு பொதுவேலை பார்க்க ஊரில் ஆள் ஏது?

“நாமக்கல் லேத்துப் பட்டறையில சொன்னாப் பத்து நாள்ல அடிச்சுத் தந்துருவானுங்க அக்கா. அதுவரைக்கும் ஒரு மொறை உட்டுக் குடுங்க. அண்ணன் பேரைக் காப்பாத்துங்க.”

“ஆமாங்க, அறுநூறு வாழை என்னுங்க பெருசு? அண்ணன் பேரு நிக்கோணுமில்ல?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். நாலைந்து பெண்கள் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்து உட்காரச் சொன்னார்கள். நான் எழுந்து மைக் பக்கம் போனேன்.

“செரி,” என்றேன் மைக்கில் கேட்கும்படி. “பத்து நாளைக்கு ஷட்டரு மூடியே இருக்கட்டும். அப்பா பேரு நல்லா நிக்கட்டும்.”

மூடியே இருக்கும் என்ற சொல் ஒவ்வொரு நாற்காலியாகப் போய் உட்காருவதை நான் பார்த்தேன்.

“அய்யய்யோ, நாளைக்கு எனக்குக் கரும்பு நடவு!” வேலுசாமி குதித்து எழுந்தார். “வெதைக் கரும்புக் கரணையெல்லாம் வந்து எறங்கிருச்சு!” இன்னொருவருக்கு நாற்று. சித்தப்பாவுக்கே மஞ்சள். ஒருவர் ஓடிப்போய் டிராக்டர் ஸ்பேனரைக் கொண்டுவந்து ஷட்டரில் மாட்டித் திருகினார். அது வழுக்கி அவர் கையைத்தான் கிழித்தது.

அதன் பிறகு நினைவுச் சின்னம் என்ற பேச்சே எழவில்லை. யார் கடப்பாரை எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, மூன்று கடப்பாரை வந்துவிட்டது. அம்மாவின் அறுநூறு வாழைக்கு அசையாத தூண், இருபத்தொரு பேர் காட்டுக்குப் பத்தே நிமிஷத்தில் வாயைத் திறந்தது. கடப்பாரை பட்டுப் படத்திலிருந்த கோட்டு பிளந்தது. அப்பாவின் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாவியைப் பிடுங்கி எடுத்த வேலுசாமி, பழக்கத்தில் சுற்றும் முற்றும் அப்பாவைத் தேடினார். இல்லை என்றதும் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் நீட்டிவிட்டார். அம்மா அதைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“குடுங்க அக்கா, நான் பாத்துக்கறேன்,” என்று சித்தப்பா கை நீட்டினார். “மொத மொறையிலிருந்து புதுசா ஆரம்பிச்சுக்கலாம். அண்ணன் எப்பவுமே கடைசியாத்தான்…”

“மாதேசு.” அம்மாவின் குரல் உயரவில்லை. மைக் இன்னும் அணைக்காமல் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. “அவரு உட்டுக் குடுத்தாரு, உட்டுக் குடுத்தாருன்னு காலம்பறப் புடிச்சு சொல்றீங்க. ஒவ்வொரு தரமும் ஊட்டுக்கு வந்து எங்கிட்டக் கேட்டுப்போட்டுத்தான் குடுத்தாரு. நாந்தேன் குடுங்கன்னேன். மூணு சுத்தா எடுத்தீங்களே, நீங்க யாரைக் கேட்டீங்க?”

அம்மா ஷட்டர் மேல் ஏறிச் சாவியை மாட்டினாள். முட்டிவலிக்காரி. நான் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து திருகினோம். சகதியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. பந்தலுக்குள் புகுந்து வேட்டிகளை நனைத்தது. நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஒவ்வொரு மடையாக அடைத்துக்கொண்டு போய், எங்கள் காட்டு மடையைத் திறந்தோம். முதல் வரிசை வாழையைத் தண்ணீர் தொடும்போது மூன்று மணி. அம்மா வரப்பில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதாள்.

சாயங்காலம் வேலுசாமி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அடுப்படிப் பக்கம் பார்த்து, “அக்கா, நாளைக்கு நடவுக்குத் தண்ணி வேணுமுங்க. என்னங்கறீங்க?” என்றார்.

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே ஒரு விறகை உள்ளே தள்ளினாள்.

“எங்க வாழைக்குப் பாஞ்சு முடியட்டும்,” என்றாள். “பொறவு வாங்க.”