இந்திராணி எழுதிய கடைசி வாரம்

டில்லி மோதி பாக் குவார்ட்டர்ஸில் அந்த ஜூன் மாதம் பெண்டுகளுக்கெல்லாம் ஒரே பைத்தியம், கோட்டைப் பிரபு. மெட்ராஸ் வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையின் ரத்தக்காட்டேரி அவன். வாராவாரம் பக்கங்களைக் கிழித்து, ஊசிநூலால் தைத்து, கைமாற்றிப் படித்தார்கள். "கடிச்சாலும் பரவாயில்லைடி, என்ன கண்ணு அவனுக்கு!" என்று குஞ்சம்மாள் மாமி சொன்னால் எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

பாருங்கள், சரியாகக் கடைசி வாரம் பார்த்துப் பத்திரிகைக் கட்டு டில்லிக்கு வந்து சேரவில்லை. "உங்கண்ணன் மெட்ராஸ்லதானே இருக்கார், முடிவைக் கேட்டு எழுதேன்" என்று இந்திராணியைப் பிடுங்கி எடுத்தார்கள். எழுதினாள், பதில் வரவில்லை. இல்லை என்று சொல்ல மனசு வராமல், தானே ஒரு முடிவை ஜோடித்து, அண்ணன் கடுதாசி என்று வாசித்துக் காட்டினாள். பிரபு ஜன்னல் வழியே வந்து ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியைத் தூக்கிப் போகிறான். அவளுக்கு ஒரு முகம் வேண்டுமே! எதிர்வீட்டு ராஜத்தின் முகத்தை, தாடை மச்சத்தோடு கொடுத்துவிட்டாள். குறும்புதான், வேறென்ன.

ராஜத்துக்கும் அப்போது ஏழு மாதம்.

நாலாம் நாள் மத்தியானம் ராஜத்தின் வீட்டுக்காரர் வைத்தி வந்து நின்றார். "கொஞ்சம் வாங்கோ. ஜன்னலைத் திறக்க விடமாட்டேங்கறா. பச்சைத் தண்ணிகூட இறங்கலை. இப்படியே போனா குழந்தை தங்காதுன்னுட்டார் டாக்டர்."

அந்த அறை அடுப்பாகக் கொதித்தது. ஜன்னல் இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டியிருந்தது. கழுத்தைச் சுற்றிப் புடவையை இறுக்கிக்கொண்டு, உதடு வெடித்து, மூலையில் உட்கார்ந்திருந்தாள் ராஜம்.

"இந்திரா, அவன் வர்ற கிழமை ஏதாவது போட்டிருந்ததா?"

இந்திராணி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அண்ணன் எழுதலை ராஜம். நான்தான். எல்லாம் பொய்."

ராஜம் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அப்போ, என்னைத்தான் எழுதினியா?" என்றாள், மெதுவாக. "திருப்பி எழுது. ஜல்தி."

காலண்டர் தாளின் பின்புறம் எழுதினாள் இந்திராணி: பிரபு கோட்டைக்குத் திரும்பிப் போனான்.

"வெறுங்கையோடயா? அவன் அப்படிப் போறவனா? மூணு மாசமா படிக்கறோமே!"

அடித்துவிட்டு எழுதினாள்: வெயில் பட்டுச் செத்தான்.

"எட்டாவது வாரம் வெயில்லதானேடி நடந்து வந்தான்!"

இந்திராணி அதையும் அடித்தாள். யாரையாவது கொடுக்காமல் அவனை நகர்த்த முடியாது, அது இருவருக்கும் தெரியும். குஞ்சம்மாள் மாமியையா? வாசலில் விளையாடும் பிள்ளைகளில் ஒன்றையா? எழுதிப் பார்க்கவே கை வரவில்லை. கண்ணை ஒருதரம் மூடித் திறந்து தன் பெயரை எழுதினாள். வீட்டு நம்பரையும் சேர்த்தாள்.

ராஜம் இரண்டு தரம் படித்தாள். "சத்தியமா?"

"சத்தியமா."

ராஜம் சுவரைப் பிடித்து எழுந்து, இடுக்கில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்து ஜன்னலைத் திறந்தாள். அனல்காற்று உள்ளே வந்தது. வைத்தி ஓடிப்போய் மோர் கொண்டுவந்தார். மடக் மடக்கென்று குடித்தாள். குடித்து முடித்து இந்திராணியையே பார்த்தாள்.

"நோக்குப் பயமா இல்லையாடி?"

"போடி, நான் கட்டின கதைக்கு நானே பயப்படுவேனா?"

சொன்னாளே தவிர, எழுந்து தன் வீட்டுக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை.