வெள்ளை நூல் கட்டிய தோல்

இதுவரை ஒருத்தரும் என்னைப் பார்த்து ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். எனக்கு வருகிற கோபம் அப்படிப்பட்டது. கேட்காமல் விட்டுவிட்டார்கள் பாருங்கள், அதுதான் தாங்க முடியவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

தங்கச் சுரங்கத்து ஸ்டோரில் நான் குமாஸ்தா. கோட்டு உண்டு, தொப்பி உண்டு, அச்சுப் போன்ற இங்கிலீஷ் எழுத்து உண்டு. மிஷன் பள்ளியில் படித்து, ஞானஸ்நானம் வாங்கி, ஏனோக் ஆனவன். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் வேலூர் என்பேன். சுத்தப் பொய். நான் பிறந்தது பேரணாம்பட்டில், தோல் பதனிடுகிறவர்கள் தெருவில். என் அப்பா ஆவாரம்பட்டைத் தண்ணீர்க் குழியில் இடுப்பளவு நின்றே காலத்தைத் தள்ளினவர். அதை இங்கே ஒரு ஈ காக்கைக்கும் நான் சொன்னதில்லை.

சுரங்கத்தில் ஊறுகிற தண்ணீரை இறைக்கப் பம்புகள் இருக்கின்றன. பம்புக்குள்ளே தடித்த தோலில் வெட்டிய வாஷர் இருக்கும். அது கிழிந்தால் பம்பு தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றை இழுக்கும். லெவல் என்கிற சுரங்கத் தளத்தில் தண்ணீர் ஏறி, கீழே துளை போடுகிறவன் முழங்கால் நனைய நிற்பான். அந்தத் தோல் சீமையிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றேழாம் வருஷம் கப்பல் மூன்று மாதம் தாமதமாகிவிட்டது. பம்புகளைக் கவனிக்கிற இன்ஜினீயர் துரை ஸ்டோருக்கு வந்து என் மேஜையைக் குத்தினார். இந்தப் பக்கத்தில் தோல் செய்கிற ஊரே கிடையாதா என்று கேட்டார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான் என் அக்கா ரத்தினம்மா ஆள்மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். ஊரில் தோல் வாங்கிக் கப்பலேற்றுகிற மெட்ராஸ் வியாபாரி கையை விரித்துவிட்டான், தோல் பதனிடுகிற பதினோரு ஷாப்பில் ஆறு ஷாப்புக் குழிகள் காய்ந்து கிடக்கின்றன, குடும்பம் குடும்பமாக ஜனங்கள் கூலி தேடிக் கிளம்பிவிடுவார்கள் என்று. எனவே துரையிடம் பேரணாம்பட்டைப் பற்றிச் சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஏதாவது புளுகியிருப்பேன்.

பத்து நாளில் அக்காவின் புருஷன் காத்தவராயன் வந்து சேர்ந்தார். குடியாத்தத்தில் ரயிலேறி, பௌரிங்பேட்டையில் மாறி, கோணியில் சுற்றிய தோலைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஸ்டோரில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"இன்னா மச்சான், நல்லா கீறியா? அக்கா ஒன்ன ரொம்ப கேட்டா," என்றார்.

நான் நிமிரவில்லை. "தோல் கொண்டுவந்தவர் நீங்கதானா? அங்கே வையுங்கள்," என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தார். புரிந்துகொண்டார். "சரிங்க குமாஸ்தாய்யா," என்று சொல்லி மூட்டையை இறக்கினார். அதற்கப்புறம் அங்கிருந்த நேரமெல்லாம் என்னைக் குமாஸ்தாய்யா என்றுதான் கூப்பிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பிடுங்கிக்கொள்ளவில்லை, உத்தியோகம் பார்த்தேன்.

துரை வந்ததும் காத்தவராயன் பேசினார், நான் இங்கிலீஷில் சொன்னேன்.

"ஒரு ஷாப்பு ரெண்டு ஷாப்பு இல்ல தொர. பதினோரு ஷாப்பும் ஒன்னா சேந்துட்டோம். ஆவாரம்பட்டத்தண்ணி கலக்கறது எல்லாம் சம்பங்கின்னு ஒரே ஆளு கையில. எந்த ஷாப்புல எடுத்தாலும் தோலு ஒரே மாதிரி இருக்கும். எங்க தோலு மெட்ராசு வழியா சீமைக்கே போவுது. அங்க மெருகு போட்டு ஒங்களுக்கே திருப்பி அனுப்பறானோ இன்னாவோ."

கடைசி வாக்கியத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. பெருமை பீற்றிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

துரை நியாயஸ்தர். ஒரே லெவலில் ஒரே தண்ணீரை இறைக்கிற இரண்டு பம்புகளைக் காட்டினார். ஒன்றில் ஸ்டோரில் மிச்சமிருக்கும் சீமைத் தோல், இன்னொன்றில் பேரணாம்பட்டுத் தோல். சீமைத் தோல் எத்தனை நாள் கிழியாமல் ஓடுகிறதோ அத்தனை நாள் இதுவும் ஓடினால் அடுத்த வருஷம் முழுவதற்கும் ஆர்டர் பதினோரு ஷாப்புக்கும் சேர்த்துத்தான். காத்தவராயன் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

ஸ்டோர் ஆள் இரண்டு தோலையும் ஒரே அளவில் வட்டமாக வெட்டி, கொழுப்புத் தடவி, துணியில் சுற்றி, இது சீமை, இது பேரணாம்பட்டு என்று சொல்லிக் கொடுத்தான். வெட்டிய பின் இரண்டுக்கும் பார்வையில் வித்தியாசம் இல்லை. அடையாளத்துக்குச் சீமைத் தோல் பொட்டலத்தில் சிவப்பு நூலும் நம் தோலில் வெள்ளை நூலும் கட்ட வேண்டியது என் வேலை. ஃபிட்டர் நூலைப் பார்த்துத்தான் எந்தப் பம்பில் எது என்று குறித்துக்கொள்வான்.

நான் மாற்றிக் கட்டினேன்.

சீமைத் தோலுக்கு வெள்ளை நூல். நம் தோலுக்குச் சிவப்பு. எப்படியாவது ஊருக்கு ஆர்டர் கிடைக்க வேண்டும் என்றுதான் செய்தேன் என்று வெகு நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் பாதிப் பொய். நம் ஆட்கள் குழியில் மிதித்து எடுக்கிற தோல் சீமைத் தோலோடு நிற்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அது கிழிந்தால் என் சிபாரிசு சிரிப்பாய்ச் சிரித்துப்போகும், அந்தத் தோல்காரன் இவனுக்கு என்ன உறவு என்று யாராவது தோண்டுவார்கள். அதற்குத்தான் பயந்தேன். ஆர்டர் மட்டும் வந்துவிட்டால், பிறகு ஏதாவது சொல்லித் தோலைத் தடிப்பாகச் செய்ய வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம் வேறு. பெரிய மூளைக்காரன் அல்லவா நான்.

பத்தொன்பதாம் நாள் ஃபிட்டர் சாம்ராஜ் ஆட்களை ஏற்றியிறக்குகிற கேஜில் ஏறி மேலே வந்தான். வெள்ளை நூல் தோல் கிழிந்துவிட்டது என்றான்.

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. சிவப்பா என்று கேட்டேன். "இல்லீங்க, வெள்ள. பிஞ்சி பஞ்சாட்டம் வந்துடுச்சி," என்றான். கப்பலில் பல மாதம், எங்கள் ஸ்டோரில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்து, அந்தச் சீமைத் தோல் உள்ளுக்குள்ளேயே செத்துப்போயிருக்கிறது. அதை ஸ்டோரில் போட்டு வைத்திருந்தவனும் நான்தான்.

அன்றைக்கே துரையிடம் போயிருக்க வேண்டும். சிவப்பும் இன்றோ நாளையோ கிழியும், இரண்டும் சமம் என்று ஆகிவிடும் என்று காத்திருந்தேன். ஊர்த் தோல் கிழிய வேண்டும் என்று தினமும் முழங்கால் போட்டு ஜெபம் செய்தேன். இதைச் சொல்லும்போது இப்போதும் உடம்பெல்லாம் கூசுகிறது. அது கிழியவில்லை. நாற்பத்து நாலு நாள் ஓடியது, சீமைப் பெயரை வைத்துக்கொண்டு.

துரை உதட்டைப் பிதுக்கினார். பாவம், நல்ல ஜனங்கள்தான், ஆனால் நாட்டுத் தோல் நாட்டுத் தோல்தானே என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

முடிவைக் கேட்டுக்கொண்டு போகக் காத்தவராயன் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஸ்டோருக்குள் அவர் வரவே இல்லை. வெளியே புளியமரத்தடியில் நின்று ஆளனுப்பினார். நான் போனேன். வெள்ளை நூல் தோல் கிழிந்த செய்தி சுரங்கத்து ஆட்கள் வழியாக முன்னமே ஊர் வரைக்கும் எட்டியிருந்தது.

"ஒன் பேர கெடுத்துட்டோம் மச்சான்," என்றார். "மனசுல வெச்சிக்காத. நீ எங்களுக்காவ தொரகிட்ட பேசின. நாங்கதான் காப்பாத்தல."

நான் புளியமரத்துப் பட்டையை நகத்தால் சுரண்டினேன். அவரே தொடர்ந்தார்.

"பட்டத்தண்ணில ஏதோ கொறஞ்சி போச்சின்னு ஊர்ல பேசிக்கறாங்க. சம்பங்கிய குழிகிட்டயே விடறதில்ல. பதினோரு ஷாப்பு சோத்துல மண்ண போட்டுட்டியேன்னு அவன் பொண்டாட்டியே கேக்கறா. அவன் வூட்ட வுட்டு வெளியவே வர்ல. முப்பது வருசமா கலக்கறவன் மச்சான், எப்டி தப்பு பண்ணான்னு எனக்கு வெளங்கல."

அதைக் கேட்ட பிறகும் மறைத்தால் நான் மனுஷனே இல்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நூலை மாற்றியது, பத்தொன்பது நாள், நாற்பத்து நாலு நாள், எல்லாம். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப நம்ம தோலு நாப்பத்தி நாலு நாளு ஓடிச்சா?" என்றார். "சீமத்தோல வுட ரெண்டு பங்கு மேலயா?" அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்திருக்கவே கூடாது. கொஞ்ச நேரம் தனக்குள்ளேயே தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"வா மச்சான். தொரகிட்ட சொல்லிடலாம். இன்னிக்கே சொன்னா ஆர்டரு நமக்குத்தான்."

"வேலை போயிடும் மாமா," என்றேன். "ஸ்டோர்ல திருட்டுத்தனம் பண்ணினவன்னு எழுதி வெளியே தள்ளிடுவாங்க. வேற சுரங்கத்துலயும் சேர்த்துக்க மாட்டாங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான் யாருன்னும் எல்லாருக்கும் தெரிஞ்சிடும்," என்று அவரிடமே சொன்னேன். எங்கள் அக்காவைக் கட்டினவரிடம், என் அப்பாவோடு ஒரே குழியில் நின்றவரிடம்.

அவர் பிடித்திருந்த கையை விட்டார். ஷிஃப்ட் மாறுகிற சங்கு ஊதி, ஆட்கள் எங்களைக் கடந்து போனார்கள்.

"சரி, வேணாம்," என்றார் கடைசியில். "நீ வேலைய காப்பாத்திக்க. தப்பு அவனுது இல்லன்னு சம்பங்கிகிட்ட மட்டும் நான் சொல்லிக்கறேன். ஒன் பேர சொல்ல மாட்டேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு அடி போனவர் திரும்பினார். "ஒன்னே ஒன்னு கேக்கறேன். நூலு கட்டுறதுக்கு முன்னாடி துணியப் பிரிச்சி ரெண்டு தோலையும் ஒரு தபா தொட்டுப் பாத்தியா?"

"இல்ல மாமா."

"தொட்டிருந்தா ஒனக்கே தெரிஞ்சிருக்கும். எது உசுரோட கீது, எது செத்து கீதுன்னு. நாலு வயசுலயே கண்ண மூடிக்கினு சொல்லுவ நீ." கோபமாகச் சொல்லவில்லை. நான் சுகமாக இருக்கிறேன் என்று அக்காவிடம் தெரிவிப்பதாகச் சொல்லிவிட்டு, ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

மறுநாள் துரை சீமைக்கு ஆர்டர் எழுதச் சொன்னார். பேரணாம்பட்டுத் தோலைச் சோதித்துப் பார்த்ததில் உபயோகப்படாது என்று தெரிந்தது, எனவே வழக்கம்போல் அனுப்பவும் என்று நான் எழுதினேன். துரை படித்துப் பார்த்து, எழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.