நெஞ்சு உயரத்தில் பிளக் பாயிண்ட்

உப்பல் பகுதியில் அந்தத் தரைத்தள வீட்டின் ஹாலில் நான்கு பேர் இருந்தோம். வீட்டுக்காரர் இளங்கோவன் சோபாவில். வாங்க வந்த தாரிணியும் கணவர் டேனியலும் ஜன்னலோர நாற்காலிகளில். மூன்று மாதம் அவர்களுக்கு வீடு காட்டிய தரகனான நான் வாசலருகே ஸ்டூலில்.

“வெப்சைட்லயே ப்ரோக்கர் நக்கோ, வேணாம்னு போட்டேனே, கைக்கு, எதுக்கு வந்தீங்க?” என்றார் இளங்கோவன்.

நான் தாரிணியிடம் சொன்னேன். “மழை வந்தா உள்ள முழங்கால் தண்ணி நிக்கும்மா. திங்கக்கிழமை பத்திரம் பதியாதீங்க.”

“நாங்களே நெட்ல தேடிக்கிட்டோம்னு கோபமா அங்கிள்? போட்டோல ஒரு கறைகூட இல்லையே.”

“பெயின்ட் அடிச்சா கறை எப்படித் தெரியும்?”

“கமிஷன் போன வயித்தெரிச்சல்,” என்று சிரித்தார் இளங்கோவன். டேனியல் எழுந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். தெருமுனையிலிருந்து அழைத்துப் பார்த்தேன்; தாரிணி என் எண்ணை பிளாக் செய்திருந்தார்.

நேரே தபால் நிலையம் போய் தாரிணிக்கு எழுதினேன்:

“1. எனக்குக் கமிஷன் வேண்டாம்.
2. அந்த வீட்டில் பிளக் பாயிண்டுகள் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருக்கின்றன. மாடி வீட்டில் முழங்கால் உயரத்தில்தான் உள்ளன. இரண்டையும் போய்ப் பாருங்கள்.
3. முன்பு அங்கே வெள்ளம் புகுந்து வடிந்ததும் அவற்றை மேலே ஏற்றச் சொன்னவன் நான். பிறகு விஷயத்தை மறைத்து ஒரு குடும்பத்தை அங்கே குடிவைத்தவனும் நானே.”

மூன்றாவதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அது இல்லாவிட்டால் தாரிணி நம்பமாட்டார். அவர்கள் இப்போது குடியிருக்கும் கொண்டாப்பூர் முகவரி எழுதி, உறையை ஒட்டி, ஸ்பீட் போஸ்ட் கவுண்டரில் கொடுத்தேன்.