இன்னும் ஒரு நூலளவு

ஊர்ப் பிள்ளைகளின் கோணல் பல்லையெல்லாம் நேராக்குகிற டாக்டரம்மாவுக்குத் தன் மகளிடம் "வீட்டுக்கு வா" என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியாது. கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவள் எதிரில் சிரித்துவைக்காதீர்கள், பாவம், அழுதுவிடுவாள்.

கணவனும் அவளும் பிரிந்தபோது மகளுக்கு விவரம் தெரிகிற வயசு. பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, "யார்கூட இருக்கே கண்ணு?" என்று கேட்டார்கள். "அப்பாகூட" என்று சொல்லிவிட்டது குழந்தை. வேறு என்ன சொல்லும்? பகலெல்லாம் பல் மருத்துவக் கல்லூரி, சாயங்காலமெல்லாம் கிளினிக் என்று ஓடிக்கொண்டிருந்த அம்மாவை அது கண்ணால் பார்த்ததே தூங்குகிற நேரத்தில்தான். நியாயமான பதில்தான். ஆனால் நியாயம் என்பதற்காக வலிக்காமல் போய்விடுமா? அன்றைக்கு நெஞ்சில் விழுந்த அடியில் டாக்டரம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். இனிமேல் எதையும் கேட்பதில்லை. கேட்டு, இன்னொரு தடவை "இல்லை" என்று வந்துவிட்டால் தாங்காது.

அதனால் போனில் "சாப்பிட்டியா?" என்பாள். "ம்" என்பாள் மகள். "படிக்கிறியா?" "ம்." அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. பிறந்தநாளுக்கு ஒரு சட்டை வாங்கிக் கொடுப்பாள், அது எப்போதும் ஒரு அளவு சின்னதாக இருக்கும்.

இப்படியே வருஷங்கள் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தெத்துப்பல் முளைத்தது. மேல்வரிசையில், பக்கத்துப் பல்லின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வெளியே எட்டிப் பார்த்தது. மகளின் அப்பாவே போன் பண்ணினார். "பல்லு ஒரு மாதிரி தூக்கிட்டு வருது. நீயே பார்த்துடேன், வெளியில எதுக்குக் காட்டணும்?"

வேறு அம்மாவாக இருந்தால் கவலைப்பட்டிருப்பாள். இவள் போனை வைத்துவிட்டு, ஆள் இல்லாத எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டு நின்றாள். பல்லுக்குக் கம்பி போட்டால் மாதம் ஒரு தடவை வந்துதானே ஆக வேண்டும்?

வந்தாள். மாதா மாதம் வந்தாள். பள்ளிக்கூடப் பையை மூலையில் போட்டுவிட்டு, நாற்காலியில் மல்லாந்து படுத்து, வாயைத் திறந்துகொள்வாள். உதடு இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டியிருக்கும், அதனால் பேச முடியாது. டாக்டரம்மாவுக்கு அது ரொம்ப வசதி. இத்தனை வருஷம் பேசாததையெல்லாம் அந்த அரை மணியில் பேசுவாள். புது வீட்டு ஜன்னலுக்குத் திரை வாங்கியது, மாடிப் படியில் பூனை குட்டி போட்டது, தன் முழங்கால் வலி, எல்லாம். மகள் "ஆ" என்பாள், "ங்" என்பாள், சில நேரம் கண்ணால் சிரிப்பாள். கம்பியை முடுக்குகிற சாக்கில் கன்னத்தில் கை வைத்துக்கொள்ளலாம். கையுறை போட்ட கைதான், ஆனாலும் கன்னத்தின் சூடு தெரியும். வேலை முடிந்து நாற்காலியை நிமிர்த்தியதும் மகள் பையை எடுத்துக்கொண்டு, "வர்றேன்" என்று போய்விடுவாள். அப்புறம் அடுத்த மாதம்தான்.

தெத்துப்பல் கீழே இறங்கியது. பக்கத்துப் பல் ஒதுங்கி இடம் விட்டது. மேல்வரிசையும் கீழ்வரிசையும் பெட்டியும் மூடியும் போலப் பொருந்தின. நல்ல கைராசி! ஆனால் பொருந்திய அன்றைக்கு டாக்டரம்மா மகளின் வாய்க்குள் விளக்கைத் திருப்பித் திருப்பி அடித்துப் பார்த்தாள்.

"முடிஞ்சுதாம்மா?" என்று மகள் எழுந்து உட்கார்ந்து கேட்டாள்.

"கடைவாய்ப் பக்கம் இன்னும் ஒரு நூலளவு இருக்கு குட்டி. அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

சொன்ன பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. நூலும் இல்லை, அளவும் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடுத்த மாதம் அதையே சொல்லும்போது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அதற்கடுத்த மாதம் சரளமாகவே வந்தது. இறுக்காத கம்பியை இறுக்குவது போலக் குறட்டைப் பிடித்துப் பாவனை காட்டுவாள். நூலளவு, நூலளவு என்றே ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டாள்.

இனி வருவதுதான் வேடிக்கை. அவள் வேலை பார்க்கிற பல் மருத்துவக் கல்லூரியில் அவள் தலைமையில் ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. என்ன ஆராய்ச்சி என்கிறீர்கள்? வளருகிற பிள்ளைகளுக்குக் கம்பி போடுகிற சிகிச்சை ஏன் தேவைக்கு மேல் இழுத்துக்கொண்டே போகிறது என்பதுதான்! கம்பி அதிக நாள் இருந்தால் அதைச் சுற்றி அழுக்கு தங்கும், பல்லின் மேல்பூச்சு கெட்டு வெள்ளைத் திட்டு விழும். விழுந்தால் முழுசாக மறையாது. அதைத் தடுக்க வழி தேடித்தான் அத்தனை பாடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதா மாதம் எடுத்த பல் படங்களைப் பேரை மறைத்து வெளி டாக்டர்களிடம் காட்டி, "எப்போது கழற்றியிருக்கலாம்?" என்று கேட்டு வாங்கியிருந்தார்கள். டாக்டரம்மா தன் நோயாளிகளையும் சேர்த்துத்தான் கொடுத்திருந்தாள். கூட்டத்தோடு கூட்டமாக இது யார் கண்ணில் படப்போகிறது என்று நினைத்துவிட்டாள். படித்தவள் செய்கிற காரியமா இது!

கண்ணில் பட்டது. அதுவும் யார் கண்ணில்? ஆராய்ச்சி உதவியாளராக ஒரு இளம் டாக்டர் இருந்தாள். எதையும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் துறையில் அவளுக்குத் 'துருவி' என்றே பேர். வாரக் கூட்டத்தில் எல்லாரும் டீயோடு உட்கார்ந்திருந்தபோது துருவி திரையில் ஒரு படத்தைப் போட்டாள்.

"மேடம், இந்தப் பிள்ளையைப் பாருங்க. பல்லு எல்லாம் போன வருஷமே அம்சமா நேராயிடுச்சு. காட்டின எல்லா டாக்டரும் அதையேதான் சொல்றாங்க. ஆனா இன்னும் கம்பி இருக்கு. ஏன்னே புரியல."

"டாக்டர் மறந்துட்டாரோ என்னமோ," என்றார் ஒருவர்.

"டாக்டர் கம்பி கழட்டுற குறட்டைத் தொலைச்சுட்டாராம், தேடிட்டு இருக்காராம்," என்றார் இன்னொருவர். அறையே சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்தாள்.

திரையில் முகம் இல்லை, பேர் இல்லை, பல் மட்டும்தான். பெற்றவளுக்கு முகம் வேறு வேண்டுமா? அந்தப் பற்களைச் சுற்றி, கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டுகிற கட்டைகளின் ஓரத்தில் மங்கலாக ஏதோ வெளுத்திருந்தது. மாதா மாதம் பக்கத்தில் குனிந்து பார்த்தவளின் கண்ணில் அது படவே இல்லை. கண் பல்லைப் பார்த்தால்தானே! அவ்வளவு பெரிதாகத் திரையில் பார்த்தபோதுதான் தெரிந்தது. கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த துருவியிடம் சொன்னாள்.

"அது என் பேஷன்ட். என் பொண்ணு. காரணம் கேட்டியே, வேற ஒண்ணுமில்ல, டாக்டருக்குக் கழட்ட மனசு வரல. அறிக்கையில அப்படியே எழுதிக்கோ."

துருவி எதையும் துருவவில்லை. "சரிங்க மேடம்," என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரமே மகளை வரச் சொன்னாள். "கழட்டப் போறேன்" என்றதும் மகள் நாற்காலியில் நேராக நிமிர்ந்து, "நிஜமாவா?" என்றாள். குரலில் சந்தோஷமா, வேறு ஏதாவதா என்று டாக்டரம்மாவால் பிரித்தறிய முடியவில்லை. குறட்டால் ஒவ்வொரு கட்டையாக நெருக்கினாள். டக், டக் என்று விட்டுக்கொண்டு வந்தன. ஒட்டியிருந்த பசையை இழைத்து எடுத்தாள். எப்போதும் ஓயாமல் பேசுகிறவள் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

முன்பற்களில் நாலு பல்லில் வெள்ளைத் திட்டு. கட்டை இருந்த இடத்தைச் சுற்றி, டீ கோப்பை வைத்த மேசையில் விழுகிற தடம் மாதிரி. வேறு பிள்ளைகளிடம் பார்த்தால் "யாருடா அந்த டாக்டர்?" என்று கத்துகிறவள் இவள். கையில் கண்ணாடி இருந்தும் கொடுக்காமல், முதலில் பல்லை அளவெடுத்தாள், தண்ணீர் கொடுத்துக் கொப்பளிக்கச் சொன்னாள், ஒரு தடவை துடைத்தாள். எத்தனை நேரம்தான் ஏமாற்ற முடியும்?

மகள் நாக்கால் பல்லைத் தடவித் தடவிப் பார்த்து, "ஐயோ, வழவழன்னு இருக்கும்மா!" என்று சிரித்தாள். அப்புறம் தானே கண்ணாடியை எட்டி எடுத்தாள். சிரிப்பு நின்றது.

"இது என்ன வெள்ளையா? போயிடுமா?"

"கொஞ்சம் மங்கும். மருந்து தர்றேன். முழுசாப் போகாது."

"நான் ஒழுங்கா பிரஷ் பண்ணலையா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எல்லா டாக்டரும் அதைத்தான் சொல்வார்கள், எல்லாப் பிள்ளைகளும் நம்பிவிடும். மகள் தலையைக் குனிந்துகொண்டு குற்றம் தன்னுடையது என்றே நம்பியிருப்பாள், அடுத்த மாதமும் சமர்த்தாக வந்திருப்பாள். டாக்டரம்மா கையுறையைக் கழற்றினாள்.

"நீ ஒண்ணும் பண்ணல. கம்பியை ஒரு வருஷம் முன்னாடியே கழட்டியிருக்கணும். நான்தான் கழட்டல."

"ஏன்?"

"கழட்டிட்டா நீ வரமாட்டியேன்னு."

மகள் கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்தாள். முகம் சிவந்தது.

"கிளாஸ்ல என்னை எல்லாரும் தண்டவாளம்னு கூப்பிடறாங்க, தெரியுமா உனக்கு? எனக்கு அப்புறம் போட்டவளுக்கெல்லாம் கழட்டியாச்சு. எனக்கு மட்டும் பல்லுல என்னமோ கோளாறுன்னு நினைச்சுட்டே இருந்தேன்."

"குட்டி…"

"நான் போறேன்."

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "வர்றேன்" என்றுகூடச் சொல்லவில்லை. மறுநாள், கழற்றிய பிறகு பல் நகராமலிருக்க மாட்டிக்கொள்ளும் ரீடெய்னரை வாங்கிக்கொள்ள அப்பாதான் வந்தார். கண்ணாடி போன்ற அந்த மெல்லிய உறையைப் பெட்டியோடு வாங்கிக்கொண்டு, "அவ சரியாப் பேசல. என்ன சொன்னே அவகிட்ட?" என்று கேட்டார். "உண்மையை," என்றாள் டாக்டரம்மா.

அதற்கப்புறம் அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. நாற்காலியில் எந்தப் பெண் வந்து படுத்தாலும் கை ஒரு நொடி தயங்கும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வாசல் பக்கம் காரணமில்லாமல் ஒரு நடை போய்வருவாள். வீட்டில் பூனை மறுபடியும் குட்டி போட்டது, அதைச் சொல்லக்கூட ஆள் இல்லை. மகள் வேண்டும், அவ்வளவுதான். வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ரீடெய்னர் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கிற நாள் வந்தது. மகள் வரவில்லை. ஆராய்ச்சிக்குப் படம் எடுக்க வந்திருந்த துருவிதான் எதிரில் வந்து நின்றாள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. போன் பண்ணி, வரலேன்னா பல்லு பழைய இடத்துக்கே போயிடும்னு ஒரு போடு போடுங்க. ஓடி வந்துடுவாங்க. எல்லாரும் அப்படித்தானே வர்றாங்க?"

பொய்யும் இல்லை அது. பல் நகரத்தான் செய்யும். எந்த டாக்டரும் சொல்கிற வார்த்தைதான். டாக்டரம்மா போனை எடுத்துக்கொண்டு தன் அறைக் கதவைச் சாத்தினாள். அந்த வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மணி அடித்தது, எடுத்தாள் மகள்.

"ரீடெய்னர் போட்டுட்டுதான் இருக்கேன்," என்றாள் எடுத்த எடுப்பில். குரல் வெடுக்கென்று இருந்தது.

"நான் பல்லைப் பத்திக் கேக்கல."

"பின்ன எதுக்குக் கூப்பிட்டே?"

'இல்லை' என்று சொல்லத்தான் போகிறாள், சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டாள் டாக்டரம்மா.

"உன்னைப் பார்க்கணும் போல இருக்கு. வீட்டுக்கு வர்றியா? பல்லு கில்லு ஒண்ணும் இல்ல. சும்மா."

மகள் போனை வைத்துவிட்டாளோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

"எப்ப?" என்றாள் மகள்.

"உனக்கு எப்பச் சௌகரியமோ அப்ப வா. அவசரமில்ல."

"அப்படிச் சொன்னா வரமாட்டேன்," என்றாள் மகள். இப்போது குரல் கம்மியிருந்தது. "டாக்டர் மாதிரிப் பேசாதே. கூப்பிடு. இன்னிக்கு வான்னு கூப்பிடு."

"இன்னிக்கு வா குட்டி. இப்பவே வா. என்னால முடியலடி."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் போனை ஒரு பக்கம் தள்ளி வைத்துக்கொண்டு மகள் வீடே அதிரும்படி கத்தினாள். "அப்பா! வண்டி எடு. அம்மா கூப்பிடறாங்க."