வால் தண்ணீர்

துரை பங்களாவுக்கு அடியில் ஓர் அறை உண்டு. மலைச்சரிவைக் குடைந்து வெள்ளைக்காரன் கட்டியது. அவன் கப்பலேறிப் பல வருஷங்களாகிவிட்டன. இப்போது இருக்கிற துரை நம் நிறம், நம் பாஷை, பொங்கலுக்கு வேட்டி கட்டுகிறவர். ஆனால் நாற்காலி அதே நாற்காலிதான். அதில் ஏறி உட்கார்ந்தவன் கண்ணுக்குக் கீழே இருக்கிறவன் தெரிவதில்லை, நிறம் என்னவாக இருந்தால் என்ன.

நவம்பர் மழை பிடித்துக்கொண்டால் அந்த அறைக்குள் சுவரெல்லாம் ஊற்றெடுக்கும். மூலையில் ஒரு குழி, குழியில் ஒரு கரண்டு பம்பு. மழை பலத்தால் கரண்டு போகும், கரண்டு போனால் பம்பு நிற்கும். துரையின் சிவப்புக் கம்பளங்களும் விஸ்கிப் பெட்டிகளும் ரோஜாத் தோட்டத்துப் பூச்சி மருந்து டின்களும் முழங்கால் தண்ணீரில் ஊறும். 1978ஆம் வருஷ மழைக்கு முன்னால் இதற்கு ஒரு முடிவு கட்டுவதென்று துரை சிங்கப்பூரிலிருந்து ஒரு புதுப் பம்பு வரவழைத்தார். கரண்டு வேண்டாத பம்பு.

எஸ்டேட் ஃபிட்டர் காளியப்பன் பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது முதலில் அசந்துதான் போனான். குழாய்த் தண்ணீரை ஒரு சின்னத் துவாரத்தின் வழியாக வேகமாகப் பாய்ச்சினால் போதும். அந்த வேகமே குழித் தண்ணீரையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டு வெளிச் சாக்கடைக் கானில் கொட்டிவிடும். குழியில் மட்டம் ஏறினால் மிதவை ஒன்று தானே மூடியைத் திறந்துவிடும். கெட்டிக்காரத்தனமான வேலை. அரை மணி நேரம் ரசித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. ஒரு டின் சேற்றுத் தண்ணீரை வெளியேற்ற ஒரு டின் நல்ல தண்ணீர் செலவு. அந்த நல்ல தண்ணீர் எது? மலை உச்சித் தொட்டியிலிருந்து ஒரே பைப்பு இறங்குகிறது. வழியில் பங்களாத் தோட்டத்துக்கு ஒரு கிளை, அதற்குக் கீழே ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்கு ஆறு குழாய். நாற்பத்திரண்டு குடும்பம் குடிக்கிற தண்ணீர் அது.

அதுகூடப் போகட்டும். படத்தில் ஒரு வால்வு போட்டிருந்தது. பெட்டிக்குள் அது இல்லை. தனியாக வாங்க வேண்டுமாம். காளியப்பன் படத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனான். ஆபீஸ் என்றால் குமாஸ்தா தங்கையா கிராணிதான். துரைக்கும் ஆட்களுக்கும் நடுவில் எந்தக் காகிதமும் அவர் மேசையைத் தாண்டாமல் போகாது.

"கிராணியாரே, இதுல ஒரு வால்வு கொறையுது. ஒருவழி வால்வு. தண்ணி பம்புக்குள்ள போகும், திரும்பி பைப்புக்கு வராது. அது இல்லாம மாட்டக் கூடாதுன்னு படத்துலயே போட்டிருக்கான்."

"அது இல்லாட்டி பம்பு ஓடாதா?"

"ஓடும்."

"ஓடும்னா மாட்டுலா. சனிக்கிழம தொரையப் பாக்க கிளப்பு ஆளுங்க வராங்க. ஈப்போக் கடைக்கு எழுதிப்போட்டு அது எப்ப வந்து சேர்றது?"

"குழித் தண்ணி லைன் பைப்புல கலந்துடும் கிராணியாரே. மருந்து டின்னெல்லாம் அங்கதான் கெடக்கு."

"எப்பிடிக் கலக்கும்? தொட்டி மேல இருக்கு, தண்ணி மேலேருந்து தள்ளுது. சும்மா பயங்காட்டாத."

காளியப்பன் மாட்டினான். மறைப்பானேன், அவன் கையால்தான் மாட்டினான். தொட்டியிலிருந்து தண்ணீர் தள்ளுகிறவரைக்கும் கிராணி சொன்னது சரிதானே என்று மனசைச் சமாதானமும் செய்துகொண்டான். ஒன்றை மறந்துவிட்டான். அவன் குடியிருக்கிற லைனிலேயே தினம் நடக்கிற காரியம் அது.

தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவன் சுப்பன். தொட்டி பாதிக்கு இறங்கினால் சாயங்கால முறைக்கு மிச்சம் வேண்டுமென்று மேல் வால்வை மூடிவிடுவான். அவன் மூடியதும் லைன் பெண்கள் குழாயை மூட மாட்டார்கள். திறந்த குழாய்க்கு அடியில் வாளியை வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். பைப்புக்குள் தங்கியிருக்கிற தண்ணீர் சிறுகச் சிறுக ஒழுகி, திரும்பி வரும்போது ஒரு வாளி நிறைந்திருக்கும். அதற்கு வால் தண்ணீர் என்று பெயர். எந்த வீட்டு வாளி என்பதற்கு முறை உண்டு, முறை தவறினால் சண்டை உண்டு. காளியப்பனின் மனைவி அம்சவல்லிக்கு வியாழக்கிழமை முறை.

மேலே வால்வை மூடிக் கீழே குழாயைத் திறந்து வைத்தால் இறங்குகிற தண்ணீர் மேலிருந்து எதையாவது இழுக்காமல் விடுமா? மழையில் பங்களாக் குழி நிறைந்து, மிதவை ஏறி, பம்பின் வாய் திறந்துகிடந்தது. இழுத்தது. கொழுந்து பறிக்கப் போனவர்கள் திரும்பி வந்தபோது வாளிகள் வழக்கத்தைவிட நிறைவாக இருந்தன. மழைக்காலம், நல்ல வரத்து என்று சந்தோஷப்பட்டார்கள். லேசாக மருந்து வாடை அடித்ததாம். மருந்து அடிக்கிற காட்டிலேயே நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு அந்த வாடை ஒரு புதுசா?

இரண்டாம் வாரம் லைனில் பதினொரு பிள்ளைகள் வாந்தியெடுத்தன. காளியப்பனின் மகள் நளினிக்கு ஆறு வயசு, அவளுக்குத்தான் ரொம்ப மோசம். கண் செருகிவிட்டது. எஸ்டேட் லோரியில் அவளை மடியில் போட்டுக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வளைவுக்கு வளைவு அம்சவல்லி மகள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். பிள்ளை பிழைத்துவிட்டாள். எதைக் குடித்தாள் என்று டாக்டர் கேட்டதற்கு, "தண்ணி மட்டுந்தாங்க குடுத்தேன்" என்று அம்சவல்லி சொன்னாள். அதைக் கேட்ட மாத்திரத்தில் காளியப்பனுக்குப் பம்பு ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் குழாயடிக்குப் போனான். வால் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. வாளியில் ஒரு சிவப்பு நூல் மிதந்தது. கம்பள நூல். லைனில் எவன் வீட்டில் கம்பளம் இருக்கிறது? நேரே பங்களாவுக்குப் போய்ப் பம்புக்குப் போகிற கிளையை அடைத்தான். அடைத்த கையோடு கிராணியிடம் சொன்னான்.

கிராணி எழுந்துகூட நிற்கவில்லை. "ஓங்க பொம்பளைங்கள யாரு கொழாயத் தொறந்து போடச் சொன்னா? எல்லாம் ஓங்க அசுத்தம். கொழாய மூடி வைக்கச் சொல்லு, சரியாயிடும்."

குதிரை கீழே தள்ளினது மட்டுமா, குழியும் பறித்ததாம். பகலில் தண்ணீரே விடமாட்டார்களாம், ஒழுகுகிறதைப் பிடித்தால் அது அசுத்தமாம். மறுநாள் மழையில் பங்களா அறையில் கணுக்கால் தண்ணீர் நின்றது. கிராணி ஆள் விட்டு அந்தக் கிளையைத் திறந்துவிட்டு அதற்கொரு பூட்டும் போட்டார். பூட்டு வாங்க ஆள் போகிறது பிரிஞ்சாங்கு டவுனுக்கு, வால்வு வாங்க ஆள் இல்லை.

காளியப்பன் லைனில் வீடு வீடாகப் போய் வால் தண்ணீரைத் தொடாதீர்கள் என்று சொன்னான். பாதிப் பேர் கேட்டார்கள். சாயங்காலம் வரைக்கும் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தண்ணீரில்லாமல் இருக்க முடியாதவர்கள் எப்படிக் கேட்பார்கள்? தினமும் காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது கிராணி முன்னால் போய் நின்றான். வால்வு என்றான். எழுதியிருக்கு என்றார். வரும் என்றார். ஒரு நாள், "ஓம் மக பொழச்சிட்டாள்ல, இன்னும் என்ன?" என்றார். காளியப்பன் கையில் அப்போது ஸ்பானர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் நடந்தான், இல்லாவிட்டால் வேறு ஏதாவது ஆகியிருக்கும். எழுதியதாகச் சொன்ன கடிதம் மேசை டிராயரிலேயே கிடந்ததை எட்டாம் நாள் அவன் கண்ணாலேயே பார்த்தான்.

ஒன்பதாம் நாள் காலை எட்டு மணிக்கு முன்பே அவன் பங்களாவுக்குப் போய்விட்டான். துரை கண்ணாடி வராந்தாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"தொரை, பம்புக்கு ஒரு வால்வு வேணும். குழித் தண்ணி லைன் பைப்புக்கு எறங்குது. பதினொரு புள்ளைங்க படுத்துடுச்சு."

"கிராணி சொன்னாரு. ஏதோ கொழாயத் தொறந்து போடுறாங்களாம்." துரை கோப்பையை எடுத்தார். "பாத்துக்கலாம்."

காளியப்பன் அந்தக் கோப்பையைப் பார்த்தான். பங்களாச் சமையலறைக்குத் தனி ஊற்று, தனிப் பைப்பு. முந்தைய துரைக்காக அதைப் போட்டவனே அவன்தான். லைன் தண்ணீருக்கும் இந்தத் தேநீருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாதவன், அன்றைக்கு மலங்க விழிக்காமல் சொன்னான்.

"இந்தத் தண்ணியும் அதே பைப்புதான் தொரை."

கோப்பை தட்டில் இறங்கியது. துரை தேநீரை உற்றுப் பார்த்தார். "எத்தன நாளா?"

"மாட்டுன நாள்லேருந்து."

கால் மணி நேரத்தில் துரையின் சொந்தக் கெரெத்தா, அவர் ஏறுகிற அதே கார், ஈப்போவுக்குப் புறப்பட்டது. மலையிறங்கி, வாங்கி, மலையேறி, மாலை நாலரை மணிக்கு வால்வு வந்து சேர்ந்தது. உள்ளங்கை அளவு பித்தளை. கிராணியே பூட்டைத் திறந்துவிட்டு விளக்குப் பிடித்தார். காளியப்பன் மாட்டி, இறுக்கி, மேல் வால்வை மூடச் சொல்லி, கீழே குழாயைத் திறந்துவைத்துச் சோதித்தான். கால் மணி நேரம் பார்த்தான். கொஞ்சம் நல்ல தண்ணீர் ஒழுகியது, பிறகு நின்றது. குழித் தண்ணீர் ஒரு சொட்டு இறங்கவில்லை.

துரை படியில் நின்று கேட்டார். "இப்ப என் தண்ணி சுத்தமாயிடுச்சா?"

லைன் தண்ணீர் சுத்தமாகிவிட்டதா என்று கேட்டிருந்தால் காளியப்பன் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பான். அந்த 'என்' அவனைச் சுட்டது.

"ஒங்க தண்ணிக்கு என்னைக்குமே ஒண்ணும் ஆவல தொரை. அது வேற பைப்பு. பொய் சொன்னேன்."

"ஏன்?"

"புள்ளைங்க படுத்துடுச்சுன்னு சொன்னேன். பாத்துக்கலாம்னீங்க."

துரை உள்ளே போய்விட்டார். அம்சவல்லிக்கு விஷயம் தெரிந்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். வால்வுதான் வந்துவிட்டதே, வாயை மூடிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா என்றாள். வேலை போனால் வீடும் போகும், எஸ்டேட் சட்டம் அது. காளியப்பனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

மறுநாள் பெரட்டு முடிந்ததும் கிராணி கூப்பிட்டார். டைப் அடித்த காகிதம் ஒன்றை எடுத்து எல்லார் காதிலும் விழும்படி தமிழில் சொன்னார். "நிர்வாகத்துக்கிட்ட பொய்யான தகவல் சொன்ன குத்தத்துக்குக் கடைசி எச்சரிக்கை. படிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன்னு கையெழுத்துப் போடு."

"பதினொரு புள்ளைங்களப் பத்தி இதுல எங்க இருக்கு?"

"அதுக்கும் இதுக்கும் என்னலா சம்பந்தம்? போடு."

காளியப்பன் பேனாவை வாங்கினான். கையெழுத்துக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் எழுத்துக் கூட்டித் தமிழில் எழுதினான்: 'உண்மை சொன்ன எட்டு நாளும் வால்வு வரவில்லை. பொய் சொன்ன அன்றே வந்தது. தேவைப்பட்டால் இனியும் சொல்வேன்.'

அதற்கடியில் முழுப் பெயரையும் போட்டான்.